உங்களுக்குத் தெரியுமா? குட்டீஸ் படம்... கோடிகளில் பணம்!

சிங்கம் பேசும். கார் சிரிக்கும். பனி மலையில் இளவரசி பாடுவாள். நம் வீட்டு வாண்டுகள் சோறு தண்ணீர் மறந்து பார்க்கும்! அந்தப் படங்களை எடுத்து, விற்று, கோடிகளில் புரளும் ராட்சத நிறுவனங்களின் பின்கட்டுக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முத்து. பிடியுங்கள்!

பொம்மை இல்லாத பொம்மைப் பெட்டி!

உள்ளே பொம்மையே இல்லாத பரிசு உறையைக் கடையில் வைத்து விற்றிருக்கிறார்கள், தெரியுமா? 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பொம்மை தயாராகவில்லை! கென்னர் கம்பெனி அசரவே இல்லை. ஓர் அட்டை உறை. உள்ளே ஸ்டிக்கர்கள், ஒரு சீட்டு. 'சீட்டை எங்களுக்கு அனுப்புங்கள், பொம்மை பிறகு வீடு தேடி வரும்!' குழந்தைகளின் கிறிஸ்துமஸ் பரிசு அந்தச் சீட்டுதான். லூக், லேயா, செவ்பாக்கா, ஆர்டூ-டீடூ நால்வரும் வந்து சேர்ந்தது 1978-ல்!

அந்தப் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் சம்பளத்தை ஏற்றிக் கேட்கவில்லை. பொம்மை, சட்டை, பை விற்கும் உரிமையைக் கேட்டார். 'இதில் என்ன வரப்போகிறது?' என்று ஃபாக்ஸ் நிறுவனம் தூக்கிக் கொடுத்தது. 2012-ல் லூகாஸ் தன் கம்பெனியை டிஸ்னிக்கு விற்றார். விலை 405 கோடி டாலர்!

ஓட்ஸ் கம்பெனி சினிமா எடுத்த கதை கேட்டதுண்டா? 1971-ல் வந்த 'வில்லி வோன்கா அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' படத்துக்குப் பணம் போட்டது குவாக்கர் ஓட்ஸ்! வோன்கா பெயரில் சாக்லேட் விற்கத்தான் இவ்வளவும். நாவலின் தலைப்பில் இருந்தவன் சார்லி என்ற சிறுவன். படத்தின் தலைப்பில் ஏறி உட்கார்ந்தவர் சாக்லேட் முதலாளி! படம் இன்றுவரை ஓடுகிறது. அந்தச் சாக்லேட்டோ சீக்கிரமே உருகித் தொலைத்தது. கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிட்டார்கள்!

'கார்ஸ்' படம் 2006-ல் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 46 கோடி டாலர். அது பெரிய தொகையா? அடுத்த ஐந்தே வருடத்தில் அந்தக் கார் பொம்மைகளும் பைகளும் போர்வைகளும் கடைகளில் விற்றது ஏறத்தாழ 1,000 கோடி டாலர்!

'ஃப்ரோசன்' 2013-ல் வந்தது. 2014-ல் வட அமெரிக்காவில் மட்டும் விற்ற 'ஃப்ரோசன்' கவுன்கள் எத்தனை? 30 லட்சம்!

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். டிஸ்னி இளவரசிகள் சேர்ந்து நிற்கும் பென்சில் டப்பாவோ ஸ்கூல் பையோ இருந்தால் எடுங்கள். சிண்ட்ரெல்லாவின் கண் எங்கே போகிறது? ஏரியலின் கண் எங்கே? ஸ்னோ ஒயிட்? ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவே மாட்டாள்! ஒவ்வொருத்தியும் தனித்தனிக் கதை, ஒருத்தியின் உலகம் இன்னொருத்திக்குத் தெரியக் கூடாது என்பது கம்பெனி போட்ட கட்டளை. அந்த இளவரசிக் கூட்டத்தின் விற்பனை 2001-ல் 30 கோடி டாலர். 2006-ல் 300 கோடி!

பார்பி பொம்மையை 'டாய் ஸ்டோரி' முதல் படத்தில் நடிக்க வைக்கக் கேட்டார்கள். மேட்டல் கம்பெனி 'முடியாது' என்று கதவைச் சாத்தியது. 1995-ல் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் பாகத்தில் பார்பி ஓடோடி வந்து சேர்ந்தாள்!

பெரிய பொம்மைக் கம்பெனிகள் கைவிட்ட 'டாய் ஸ்டோரி' பொம்மை உரிமை திங்க்வே என்ற சின்னக் கனடா கம்பெனிக்குப் போனது. அந்தக் கிறிஸ்துமஸில் பஸ் லைட்இயர் பொம்மை கிடைக்காமல் பெற்றோர் கடை கடையாக அலைந்தார்கள். இரண்டாம் பாகத்தில் அதை ஒரு வசனமாகவே வைத்துவிட்டார்கள்!

'டாய் ஸ்டோரி'யில் ஸ்பிரிங் உடம்போடு வருமே ஒரு நாய்? ஸ்லிங்கி டாக்! படம் எடுத்தபோது அந்தப் பொம்மை கடையிலேயே கிடையாது. உற்பத்தியை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். படத்துக்காகவே மறுபிறவி எடுத்தது!

பொம்மைக்காகக் கதாநாயகனையே கொன்றிருக்கிறார்கள். 1986-ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் படத்தில் ஆப்டிமஸ் பிரைம் செத்துப்போகிறார். காரணம்? பழைய பொம்மை ஒதுங்க வேண்டும், புதுப் பொம்மை விற்க வேண்டும்! தியேட்டரில் குழந்தைகள் கதறி அழுதார்கள். அப்புறம் டி.வி. தொடரில் அவரை உயிர்ப்பித்தார்கள்!

எலி கட்டிய கோட்டை!

1929. நியூயார்க் ஓட்டல் ஒன்றில் ஓர் ஆள் வால்ட் டிஸ்னியைத் தேடி வந்தார். பிள்ளைகள் எழுதும் நோட்டில் மிக்கி மவுஸ் படம் போட அனுமதி கேட்டார். நீட்டிய தொகை 300 டாலர். மிக்கி வியாபாரத்தின் பிள்ளையார் சுழி அதுதான்!

1930-களில் அமெரிக்காவின் பிரபல பொம்மை ரயில் கம்பெனி லயனல் திவாலாகும் நிலையில் இருந்தது. மிக்கியும் மின்னியும் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் தண்டவாளத்தில் ஓட்டும் குட்டி வண்டிப் பொம்மையை இறக்கினார்கள். விலை ஒரு டாலர். விற்றது இரண்டரை லட்சம்! கம்பெனி பிழைத்தது!

'ஸ்னோ ஒயிட்' முழுநீளக் கார்ட்டூன் என்றதும் ஹாலிவுட்டே சிரித்தது. 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று பெயரே வைத்தார்கள். வால்ட் டிஸ்னி வீட்டை அடமானம் வைத்தார். செலவு சுமார் 15 லட்சம் டாலர். 1937-ல் படம் வந்தது. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது! கிடைத்த கௌரவ ஆஸ்கர் எப்படி தெரியுமா? ஒரு பெரிய சிலை, கூடவே ஏழு குட்டிச் சிலைகள்! எடுத்துக் கொடுத்தவர் 10 வயது நடிகை ஷெர்லி டெம்பிள்!

வால்ட் டிஸ்னி வாங்கிய மொத்த ஆஸ்கர் விருதுகள் 26. போட்டியில் வென்றவை 22, கௌரவ விருதுகள் 4. இன்றுவரை யாரும் நெருங்கவில்லை!

மிக்கிக்கு முன்பு டிஸ்னியிடம் ஆஸ்வால்ட் என்ற முயல் இருந்தது. ஆனால் உரிமை யுனிவர்சலுடையது. 1928-ல் முயல் கைநழுவிப் போனது. 2006-ல் அதை மீட்டார்கள். எப்படி? டிஸ்னியின் விளையாட்டு சேனலில் இருந்த பிரபல வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸை என்.பி.சி.க்கு விட்டுக்கொடுத்து! ஒரு மனிதருக்கு மாற்றாக ஒரு கார்ட்டூன் முயல்!

டிஸ்னிலேண்ட் பூங்காவில் தூங்கும் அழகியின் கோட்டை 1955-லேயே திறந்துவிட்டது. 'ஸ்லீப்பிங் பியூட்டி' படம் வெளியானது 1959-ல். கோட்டை ரெடி, படம் வர நாலு வருடம்!

அந்தப் பூங்காவுக்குப் பணம் இல்லாமல் திண்டாடியபோது கைகொடுத்தது ஏ.பி.சி. டி.வி. போட்ட முதல் 5 லட்சம் டாலர். பதிலுக்கு டிஸ்னி வாராவாரம் ஒரு நிகழ்ச்சி செய்து கொடுத்தார். அந்த டி.வி. கம்பெனியையே டிஸ்னி நிறுவனம் பின்னால் வாங்கிப் போட்டது. விலை 1,900 கோடி டாலர்!

முதலில் ராட்டினம், அப்புறம் படம்! டிஸ்னிலேண்டில் 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படகுச் சவாரி தொடங்கியது 1967-ல். படம் வந்தது 2003-ல். ஐந்து பாகங்களின் வசூல் 450 கோடி டாலருக்கும் மேல்!

1992-ல் 'த மைட்டி டக்ஸ்' என்று பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடும் படம் எடுத்தார்கள். மறு வருடமே டிஸ்னி அதே பெயரில் நிஜமான ஹாக்கி அணியை இறக்கியது! அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடிய அந்த அணி, டிஸ்னி கைமாற்றிக் கொடுத்த பிறகு 2007-ல் கோப்பையையே தூக்கியது!

'மேரி பாப்பின்ஸ்' கதை உரிமைக்காக வால்ட் டிஸ்னி அந்த எழுத்தாளரின் பின்னால் அலைந்த காலம் எவ்வளவு? சுமார் 20 வருடம்! படம் 1964-ல் வந்தது. அள்ளிய ஆஸ்கர் 5!

அழித்தது ஒரு கட்டளை... காத்தது ஒரு கைக்குழந்தை!

1998. பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' வேலை மும்முரமாக நடக்கிறது. யாரோ கணினியில் தவறான கட்டளையைத் தட்டிவிட்டார்கள். திரையில் நாயகப் பொம்மை வுடியின் தொப்பி காணோம். பிறகு பூட்ஸ் காணோம். பிறகு வுடியே காணோம்! படத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் காலி. பேக்கப் எடுத்தார்களா? எடுத்தார்கள். அதுவும் வேலை செய்யவில்லை! அப்போதுதான் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனுக்கு ஞாபகம் வந்தது. பிரசவம் ஆகி வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவருடைய கணினியில் படத்தின் பிரதி இருந்தது! அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் பதமாக ஏற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது!

இன்னும் கேளுங்கள். அப்படிக் காப்பாற்றிய படத்தின் கதை சரியில்லை என்று அவர்களே ஓரம் கட்டினார்கள். புதிதாகக் கதை எழுதி ஒன்பதே மாதத்தில் படத்தை முடித்தார்கள்!

அந்த 'டாய் ஸ்டோரி 2' முதலில் தியேட்டருக்கே வருவதாக இல்லை. வீடியோ கேசட்டில் மட்டும் விற்கத் திட்டம்! அதே கதைதான் 'மோனா 2' படத்துக்கும். ஓ.டி.டி. தொடராகத் தொடங்கியது. மனசு மாறித் தியேட்டருக்குக் கொண்டு வந்தார்கள். வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது!

'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தில் வரும் நீல ராட்சதன் சல்லியின் உடம்பில் எத்தனை முடி? 23 லட்சத்துக்கும் மேல்!

'அப்' படத்தில் தாத்தாவின் வீட்டை மேலே தூக்கும் காட்சியில் வரைந்த பலூன்கள் 20,622. கணக்குப் பிசகவில்லை!

'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி' படத்தின் ஒரு ஃபிரேமைக் கணினி தீட்டி முடிக்கச் சராசரியாக 29 மணி நேரம். ஒரு விநாடிப் படத்துக்கு 24 ஃபிரேம். பெருக்கிப் பாருங்கள். ஒரே கணினி செய்தால் ஒரு விநாடிக்கு 29 நாள்!

2019-ல் வந்த 'த லயன் கிங்' படம் முழுக்க நிஜக் காடு போலவே இருக்குமே? அதில் கேமராவால் எடுத்த ஷாட் ஒன்றே ஒன்று! படம் தொடங்கும் அந்த ஆப்பிரிக்கச் சூரிய உதயம் மட்டும்தான். மீதி 1,490 ஷாட்களும் கணினியில் பிறந்தவை. யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் அந்த ஒரு ஷாட்டை நுழைத்தேன் என்றார் இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ!

2016-ல் வந்த 'ஜங்கிள் புக்' காடு எங்கே இருக்கிறது? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவே, நான்கு சுவருக்குள்! இன்னொன்று: அந்தப் படத்தை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே நம் குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். இந்தியாவில் ஏப்ரல் 8, அமெரிக்காவில் ஏப்ரல் 15!

ஷ்ரெக்குக்கு முதலில் குரல் கொடுத்தவர் கிறிஸ் ஃபார்லி. பெரும்பகுதி பேசி முடித்தவர் 1997-ல் இறந்துபோனார். மைக் மையர்ஸ் வந்தார். பேசி முடித்தார். பிறகு 'ஸ்காட்லாந்துக்காரன் மாதிரி பேசினால்தான் எடுபடும்' என்று மறுபடியும் முதலிலிருந்து பேசினார்! 'ஷ்ரெக்' என்ன செய்தது? சிறந்த அனிமேஷன் படத்துக்கென்று தனியாக ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கிய முதல் வருடமே தட்டிச் சென்றது!

மினியன்களுக்குக் குரல் கொடுப்பவர் யார்? அவற்றை உருவாக்கிய இயக்குநர்களில் ஒருவரான பியர் காஃபினே! 2015-ல் வந்த 'மினியன்ஸ்' படத்தின் செலவு 7.4 கோடி டாலர். வசூல் 115 கோடி டாலருக்கும் மேல்!

ஒரு சிறுவனின் பாப்கார்ன் உலகப் புகழ் பெற்ற பாட்டுக்கு வேட்டு வைக்கப் பார்த்தது. 'த லிட்டில் மெர்மெய்ட்' படத்தைச் சோதனைக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏரியல் பாடும்போது ஒரு பையன் பாப்கார்னைக் கொட்டிவிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தான். 'பசங்களுக்குப் போரடிக்கிறது, பாட்டைத் தூக்கு!' என்றார் ஸ்டூடியோ தலைவர். மற்றவர்கள் மல்லுக்கட்டிக் காப்பாற்றினார்கள்!

ஊருக்கு ஒரு வேஷம்!

'ஜூடோபியா' படத்தில் டி.வி. செய்தி வாசிக்கும் மிருகம் நாட்டுக்கு நாடு மாறும்! அமெரிக்காவில் மூஸ் மான். சீனாவில் பாண்டா. ஆஸ்திரேலியாவில் கோவாலா. பிரேசிலில் சிறுத்தை போன்ற ஜாகுவார்!

'இன்சைட் அவுட்' படத்தில் குட்டிப் பெண் புரோக்கோலியைப் பார்த்து முகம் சுளிப்பாள். ஜப்பானியப் பிள்ளைகள் அதை விரும்பிச் சாப்பிடுவார்களாம். ஜப்பானுக்குப் போன படத்தில் தட்டில் இருந்தது பச்சைக் குடமிளகாய்!

'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தில் மிக்கி மவுஸும் பக்ஸ் பன்னியும் சேர்ந்து வருவார்கள். டிஸ்னி பிள்ளை ஒன்று, வார்னர் பிள்ளை ஒன்று! இருவருக்கும் திரையில் சம நேரம் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். விநாடிகூட ஏற்ற இறக்கம் கிடையாது!

மெக்சிகோ மக்கள் முன்னோருக்குக் கொண்டாடும் திருநாளின் பெயரை 2013-ல் ஒரு படத்துக்காக டிஸ்னி டிரேட்மார்க் செய்யப் பார்த்தது. ஊரே கொதித்தது. எலும்புக்கூடு மிக்கி ஊரை மிதிப்பதுபோல் கார்ட்டூன் போட்டு விளாசினார் லாலோ அல்காராஸ். டிஸ்னி பின்வாங்கியது. திட்டியவரையே ஆலோசகராக அழைத்துக்கொண்டது! அந்தப் படம்தான் 'கோகோ'. வசூல் 80 கோடி டாலருக்கும் மேல்!

இது நம்ம ஊர் விசேஷம்! 1994-ல் வந்த 'லயன் கிங்' தமிழில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. 2019-ல் வந்த படத்தில் அவரே வில்லன் ஸ்கார்! சிம்பாவாகப் பேசியவர் சித்தார்த்!

'ஃப்ரோசன் 2' தமிழில் எல்சாவுக்குப் பேசியதும் பாடியதும் யார்? ஸ்ருதி ஹாசன்!

ஃபாக்ஸ் எடுத்த 'லைஃப் ஆஃப் பை' புதுச்சேரியில் தொடங்கும் கதை. அதில் வரும் தமிழ்த் தாலாட்டுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார் பாம்பே ஜெயஸ்ரீ! படத்தில் வரும் புலியைக் கணினியில் படைத்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. இரண்டு வாரத்துக்குள் அதே புலிக்காக ஆஸ்கர் வாங்கியது!

மிட்டாய் கொடுத்து மயக்கு!

'ஈ.டி.' படத்தில் வேற்றுக்கிரகக் குட்டிக்கு மிட்டாய் போட்டு வீட்டுக்கு அழைத்து வருவான் பையன். எம் அண்ட் எம்ஸ் மிட்டாயைத்தான் முதலில் கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. ரீசஸ் பீசஸ் உள்ளே வந்தது. 1982-ல் விற்பனை கிடுகிடுவென எகிறியது!

'ஹாரி பாட்டர்' முதல் படத்தோடு விளம்பரத்தில் கைகோக்க கோகோ கோலா கொடுத்ததாகச் செய்தி வந்த தொகை 15 கோடி டாலர். ஆனால் ஹாரி கோக் குடிப்பதுபோல் ஒரு விளம்பரம்கூட வரக் கூடாது!

1979-ல் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகளுக்கான ஹேப்பி மீல் டப்பாவில் முதலில் ஏறிய சினிமா 'ஸ்டார் ட்ரெக்'. பிறகு டிஸ்னியோடு 10 வருட ஒப்பந்தம். மதிப்பு சுமார் 100 கோடி டாலர்!

1995-ல் 'போகாஹான்டஸ்' பிரீமியர் எங்கே நடந்தது? நியூயார்க் சென்ட்ரல் பார்க் புல்வெளியில்! ராட்சதத் திரைகள் கட்டினார்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்!

2014-ல் 'லெகோ மூவி' வந்தபோது பிரிட்டன் ஐ.டி.வி.யில் ஒரு முழு விளம்பர இடைவேளை. இன்சூரன்ஸ், போன், ஓட்டல் என்று வந்த மற்றவர்களின் விளம்பரங்கள் எல்லாமே லெகோ கட்டைகளால் மறுபடியும் எடுக்கப்பட்டவை!

சறுக்கலும் உண்டு. 2011-ல் டிஸ்னி வெளியிட்ட 'மார்ஸ் நீட்ஸ் மாம்ஸ்' படத்தின் செலவு 15 கோடி டாலர். வசூல் 4 கோடிகூட இல்லை!

வாங்கு... வாங்கிக்கொண்டே இரு!

1986-ல் பிக்ஸாரை லூகாஸிடமிருந்து ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார். லூகாஸ் கைக்குப் போனது 50 லட்சம் டாலர், கம்பெனிக்குள் போட்டது இன்னொரு 50 லட்சம். 2006-ல் டிஸ்னி அதை வாங்கிய விலை 740 கோடி டாலர்!

2009-ல் மார்வெல், 400 கோடி. 2012-ல் லூகாஸ்ஃபிலிம், 405 கோடி. 2019-ல் ஃபாக்ஸ், 7,130 கோடி டாலர்! எல்லாம் ஒரே டிஸ்னியின் பையிலிருந்து!

டிஸ்னிக்குள்ளேயே 'லயன் கிங்' படத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. நட்சத்திரக் கலைஞர்கள் பலர் 'போகாஹான்டஸ்' பக்கம் போய்விட்டார்கள். 1994-ல் உலகிலேயே அதிகம் வசூலித்த படம் எது? 'லயன் கிங்'! வீடியோ கேசட் விற்றது 3 கோடிக்கும் மேல். 1997-ல் மேடை ஏறிய நாடகத்தின் வசூல் 800 கோடி டாலரைத் தாண்டியது. படத்தைவிட நாடகம் பல மடங்கு!

ஓ.டி.டி.யில் 'டிஸ்னி பிளஸ்' தொடங்கியது 2019 நவம்பர் 12. முதல் நாளில் சேர்ந்தவர்கள் ஒரு கோடி!

உலகிலேயே முதன்முதலாக 200 கோடி டாலரைத் தாண்டிய அனிமேஷன் படம் ஹாலிவுட் படம் அல்ல! 2025-ல் சீனாவிலிருந்து வந்த 'நேஜா 2'. கைகோத்த கம்பெனிகள் 138. உழைத்தவர்கள் 4,000-க்கும் மேல். வசூலில் பெரும்பகுதி சீனாவுக்குள்ளேயே!

கடைசியாக என் செல்லத் தகவல்! பிக்ஸார் படங்களின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பணியாளர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளின் பெயர்களும் வரும். 1995-ல் 'டாய் ஸ்டோரி'யில் தொடங்கிய வழக்கம்! கோடி கோடியாய்க் கொட்டும் இந்த வியாபாரத்தில் விற்பனைக்கு இல்லாத இடம் அது ஒன்றுதான். அடுத்த முறை பிள்ளைகளோடு தியேட்டருக்குப் போனால் 'படம் முடிந்தது' என்று எழுந்து ஓடாதீர்கள். கடைசிப் பெயர் வரை உட்கார்ந்து, அந்தக் குட்டிப் பெயர்களை உங்கள் குட்டிகளோடு சேர்ந்து தேடிப் பாருங்கள்!